வள்ளம் கற்பித்த பாடம்

தமிழாசிரியனாகிய யான் பௌதிகவியல் பற்றி எழுதப் புகுவது கண்டு அன்பர்கள் நகைத்தல் கூடும். எனினும், என் பிழையொன்றை ஒப்புக்கொள்ளற்கு இவ்விழா மலர் தக்க இடமென்று துணிந்தேன்.

யான் பணியேற்ற புதிதில், ஊர்காவற்றுறைப் பகுதிப் பாடசாலையொன்றில், விஞ்ஞான ஆசிரியர் வராத நாளில் அவர்தம் வகுப்பை ஏற்க நேர்ந்தது. பாடம், நியூற்றன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் இயக்க விதி. "ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு" என வாசித்து, "செய்த வினை செய்தவனையே சேருமென்பதும் இதுவே" என்று முழங்கினேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, இரண்டும் சமமும் எதிருமானால் ஒன்றையொன்று அழித்துவிடுமே, பின்பு எப்பொருள்தான் அசையும்?" என்றான். விடையறியாத யான், "அதிகப்பிரசங்கி, இரு!" என்று அதட்டினேன். அதன்பின் அவ்வகுப்பில் எவரும் வினவவில்லை.

சின்னாட் கழித்து, காரைநகரிலிருந்து சிறு வள்ளமொன்றில் வந்தேன். கரையண்மிய ஆழமற்ற நீரில் வள்ளக்காரர் கோலை ஊன்றிப் பின்னே தள்ள, வள்ளம் முன்னே ஊர்ந்தது. அதனைக் கட்டுமுன்னரே யான் கரைக்குத் தாவினேன். வள்ளம் பின்னே விலக, யான் நீரில் வீழ்ந்தேன்.

"வாத்தியார், வள்ளத்தைக் காலால உதைச்சுப்போட்டு இறங்கினால் அது நிக்குமே?" என்று கூறி அவர் கைதந்தார்.

ஈர வேட்டியோடு நடக்கையில் விடை விளங்கிற்று. என் கால் தள்ளியது வள்ளத்தை. வள்ளம் தள்ளியது என்னை. விசைகள் சமமே, ஆயின் அவை வெவ்வேறு பொருள்கள்மீது தாக்குவன. ஆதலின் ஒன்றையொன்று அழித்தல் இல்லை. வாகனங்களை ஏற்றிச் செல்லும் பாதையிலிருந்து குதிப்பினும் விதி அதுவே. அதன் திணிவு மிகப் பெரிதாதலின் அசைவு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. என் உவமையும் தவறு. வினைப்பயன் பிந்தி வருவது. நன்று தீது நோக்குவது. தாக்கமும் மறுதாக்கமுமோ ஒரே கணத்தில் நிகழ்வன. அவற்றுள் முந்தியது பிந்தியது இல்லை.

மறுநாள் வகுப்பிற்குச் சென்று, "உன் வினா சரி, யான் அதட்டியது பிழை" என்றேன். அவன் தலைகுனிந்து நின்றான். மீண்டும் அவன் ஒரு வினாக் கேட்க ஒரு தவணை முழுதும் சென்றது.

அன்று அதட்டிய யான் சிறிதும் அசைந்திலேன். அவனோ நெடுந்தூரம் விலகினான். சிறு வள்ளத்தின் இயல்பு அது. கற்பிக்கும் நாம் கால்வைக்குமுன் இதனை நினைத்தல் நன்று.