கடலோரத்தில் ஒரு கங்கை

தாதரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பாணகங்கா, மும்பைத் தமிழர்களுக்கு ராமேஸ்வரத்தை நினைவூட்டும் தீர்த்தம். கடலை ஒட்டியிருந்தும் உப்புக் கரிக்காத இந்த ஊற்றுக்கு வரும் ஆபத்துகளில் ஒன்று பக்தர்களின் கையிலேயே இருக்கிறது.

தாதர் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் இடம். ரயில் நிலையத்துக்கு மேற்கே பூ மார்க்கெட்டில் சாமந்தியும் துளசியும் வில்வமும் மூட்டை மூட்டையாக இறங்கும்போது தெரு விளக்குகள் அணைந்திருக்காது. புரட்டாசி மாதத்து மகாளய அமாவாசையன்று இந்த நெரிசலில் வேட்டி கட்டிய சிலரையும் பார்க்கலாம். தோளில் துணிப்பை. பையில் மாதுங்கா கடைகளில் முதல் நாளே வாங்கி வைத்த தர்ப்பை, கறுப்பு எள், ஒரு செம்பு. மாதுங்காவிலிருந்தும் சயானிலிருந்தும் மத்திய ரயில்வேயில் வருகிறவர்கள் மேற்கு ரயில்வேக்கு மாறும் இடம் தாதர்தான். பாலம் ஏறி இறங்கி, சர்ச்கேட் போகும் ஸ்லோ வண்டியைப் பிடிக்கிறார்கள். போகுமிடம் மலபார் ஹில் அடிவாரத்தில் உள்ள வால்கேஷ்வர்.

பிரபாதேவி (2018 வரை இதன் பெயர் எல்பின்ஸ்டன் ரோடு), லோயர் பரேல், மஹாலட்சுமி, மும்பை சென்ட்ரல், கிராண்ட் ரோடு. 1982-ம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஓய்ந்துபோன பருத்தி ஆலைகளின் இடத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்கள் ஜன்னலோரம் ஓடுகின்றன. கிராண்ட் ரோட்டிலோ சர்னி ரோட்டிலோ இறங்கி டாக்ஸி பிடித்தால் சௌபாட்டி கடற்கரையைத் தாண்டி வண்டி மேடேறும். ஆளுநர் மாளிகைக்கு அருகே தீன் பத்தி முச்சந்தி. அங்கிருந்து ஒரு குறுகிய சந்து படிப்படியாகக் கீழே இறங்குகிறது. இருபக்கமும் சின்னச் சின்னக் கோயில்கள், பூக்கடைகள், பழைய வீடுகள். நூறடி நடந்ததும் நகரத்தின் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. எதிரே நாலாபுறமும் கல் படிகளுடன் நீண்ட சதுரக் குளம். வாத்துகள் நீந்துகின்றன. கரையில் கல் தீபஸ்தம்பங்கள். குளத்தின் நடுவே ஒரு கம்பம்: ராமபாணம் பாய்ந்த இடம் அது என்கிறார்கள்.

தல புராணத்தைக் கேட்கும் தமிழருக்கு, எங்கோ கேட்ட கதையாயிற்றே என்று தோன்றும். சீதையைத் தேடி இலங்கை நோக்கிப் போகும் வழியில் ராமன் இங்கே தங்கினான். வழிபாட்டுக்காக லட்சுமணன் தினமும் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவருவது வழக்கம். ஒரு நாள் தாமதமாயிற்று. பொறுக்காத ராமன் கடற்கரை மணலைக் கூட்டி லிங்கம் பிடித்துப் பூஜை செய்தான். வடமொழியில் மணலுக்கு 'வாலுகா' என்று பெயர். வாலுகேஸ்வரர்தான் பேச்சு வழக்கில் வால்கேஷ்வர் ஆனார். தாகம் எடுத்தபோது சுற்றிலும் உப்புத் தண்ணீர். ராமன் பாணம் விட, பூமியைப் பிளந்துகொண்டு கங்கை வந்தாள். பாணத்தால் வந்த கங்கை, பாணகங்கா.

ராமேஸ்வரத்தில் காசிக்குப் பதில் கைலாயம், லட்சுமணனுக்குப் பதில் அனுமன். லிங்கம் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமாக, சீதை மணலில் பிடித்த லிங்கமே ராமநாதர். அனுமன் கொண்டுவந்த லிங்கத்துக்கும் அங்கே மரியாதை உண்டு. முதல் பூஜை அதற்குத்தான். தண்ணீர்க் கதையும் அங்கே இருக்கிறது. தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் கடலுக்குள்ளேயே இருக்கிறது வில்லூன்றி தீர்த்தம். சீதையின் தாகம் தீர்க்க ராமன் வில்லை ஊன்றிய இடத்தில் நல்ல தண்ணீர் வந்தது என்பது ஐதீகம். மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் மக்கள் ஒரே அதிசயத்தைப் பார்த்து, ஒரே நாயகனை வைத்துக் கதை சொல்லியிருக்கிறார்கள். கடலோரத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே அந்த அதிசயம்.

மும்பைத் தமிழருக்கு இந்த ஒற்றுமை வெறும் புராண சமாச்சாரம் அல்ல. 1896-ல் பிளேக் நோய் பம்பாயை உலுக்கியது. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் காற்றோட்டமான குடியிருப்புகளுக்காகத் திட்டமிட்ட பகுதிதான் தாதரும் மாதுங்காவும். குமாஸ்தா வேலைக்கும் கணக்கு வேலைக்கும் வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே குடியேறின. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தாராவியில் தங்கினார்கள். ஊரில் அப்பா காலமானால் அஸ்தியோடு ராமேஸ்வரம் போகலாம். ஆண்டுதோறும் அமாவாசைக்குப் போக முடியுமா? தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் இருக்கிறது. பயணம் ஒன்றரை நாள். ராமேஸ்வரம் அதற்கும் அப்பால். ஆபீஸ் லீவு அவ்வளவு தாராளமாகக் கிடைக்காது. வீட்டிலும் சமாஜங்களிலும் தர்ப்பணம் செய்பவர்கள் போக, தீர்த்தக் கரையில்தான் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு பாணகங்கா வாய்த்தது.

கோயிலின் வரலாறு புராணத்துக்குச் சளைத்ததல்ல. பழைய வாலுகேஸ்வரர் கோயில், இப்போது ஆளுநர் மாளிகை இருக்கும் மலபார் முனையில் இருந்தது. அங்கே ஸ்ரீகுண்டி என்றொரு பிளந்த பாறை உண்டு. அந்த இடுக்கில் நுழைந்து வெளியே வந்தால் பாவம் தொலையும் என்று நம்பி, யாத்ரீகர்கள் தூரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ஷிலாஹார மன்னர்கள் காலத்தில், 1127-ல், லட்சுமண் பிரபு என்ற அமைச்சர் குளத்தைக் கட்டினார் என்று சொல்லப்படுகிறது. போர்ச்சுகீசியர் வந்த பிறகு கோயில் அழிந்தது. அன்னியர் கண்ணில் பட விரும்பாமல் மணல் லிங்கம் தானே கடலில் குதித்துவிட்டது என்பது பக்தர்களின் விளக்கம்.

இப்போதுள்ள இடத்தில் கோயிலையும் குளத்தையும் 1715-ல் மீண்டும் எழுப்பியவர் ராமா காமத் என்ற கௌட சாரஸ்வத வணிகர். ஆங்கிலேயருக்கு நெருக்கமானவர். அந்த நெருக்கம் அவரைக் காப்பாற்றவில்லை. மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயுடன் ரகசியத் தொடர்பு வைத்திருந்தார் என்று 1720-ல் அவர்மீது வழக்கு. சொத்து பறிமுதல், சிறை. சிறையிலேயே இறந்தார். சாட்சியமாகக் காட்டப்பட்ட கடிதம் போலி என்பது பின்னால்தான் தெரிந்தது. தண்டித்தவர்களைத் தேடி இன்று யாரும் வருவதில்லை. அவர் கட்டிய படிகளில் மக்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கோபுரங்களைப் பார்த்துப் பழகிய தமிழ்க் கண்ணுக்குக் கோயில் ஏமாற்றமாக இருக்கலாம். பலமுறை புதுப்பிக்கப்பட்டு இப்போது நிற்பது பிற்காலத்துக் கான்கிரீட் கட்டடம். பிரபாதேவி சித்திவிநாயகர் கோயில்போல மைல் நீள வரிசை கிடையாது. சாதாரண நாட்களில் லிங்கத்துக்கு அருகில் நின்று வில்வம் சாத்திவிட்டு வரலாம். பிறகு குளத்தைச் சுற்றி நடக்க வேண்டும். வெங்கடேஷ் பாலாஜி கோயில், பரசுராமர் கோயில், ஜப்ரேஷ்வர் கோயில், சாரஸ்வத மடங்கள், துறவிகளின் சமாதிகள் என்று அடுத்தடுத்து வருகின்றன. கார்த்திகைப் பௌர்ணமியன்று படியெல்லாம் அகல் விளக்கு ஏற்றி மகா ஆரத்தி நடக்கிறது. திருவண்ணாமலை தீபத்தை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு அன்று கொஞ்சம் ஆறுதல்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலபார் ஹில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறைமேடு. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஏறக்குறைய முழுவதும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. குன்றின் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் இறங்கும் நீர், மெல்லக் கசிந்து அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. மேலிருந்து வரும் நன்னீரின் அழுத்தம் இருக்கும்வரை கடல்நீர் உள்ளே நுழைவதில்லை. ராமேஸ்வரத்திலும் இதே கணக்குத்தான். அங்கே மழையைப் பிடித்துவைப்பது மணல், இங்கே பாறை. நகரத்துக்கு நாள்தோறும் வேண்டிய சுமார் 385 கோடி லிட்டர் தண்ணீர் ஏழு ஏரிகளிலிருந்து, பெரும்பகுதி தாணே, நாசிக் மாவட்டங்களிலிருந்து, குழாயில் வருகிறது. அதே குன்றின் உச்சியில் தொங்கும் தோட்டத்துக்கு அடியில் அதற்கு ஒரு நீர்த்தேக்கமும் இருக்கிறது. அடிவாரத்து ஊற்று அந்தக் குழாய்களுக்குக் கடன்பட்டதல்ல.

அது கடன்பட்டிருப்பது குன்றுக்கு. குன்றின் மேலே நாட்டிலேயே விலை உயர்ந்த வீட்டு மனைகள். மண் தெரிந்த இடங்களில் அஸ்திவாரங்கள் இறங்குகின்றன. 2021-ல் குளத்து நீர் திடீரென்று சேறாகக் கலங்கியது. பக்கத்தில் கட்டடத்துக்காகத் தோண்டியதுதான் காரணம் என்று புகார் எழுந்தது. மாநகராட்சி வேலையை நிறுத்தச் சொன்னது. 2024 ஜூனில் இன்னொரு அதிர்ச்சி. குளத்தைப் புதுப்பிக்கும் பணியில் தூர் வார இயந்திரம் இறக்கப்பட்டதில் பழைய கல் படிகள் உடைந்தன. ஒப்பந்தக்காரர்மீது மாநகராட்சியே போலீஸில் புகார் கொடுக்க நேர்ந்தது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்கே இந்த நிலை.

மூன்றாவது ஆபத்தைப் பேசுவதுதான் சங்கடம். மகாளய பட்சத்தை மராட்டியர் பித்ரு பட்சம் என்பார்கள். அந்தப் பதினைந்து நாட்களில் ஆயிரக்கணக்கானோர் இங்கே வருகிறார்கள். கடைசி நாளான சர்வ பித்ரு அமாவாசையன்று படிகளில் கால் வைக்க இடமிருக்காது. பிண்டம், எள், மாவு, பூ, பால் எல்லாம் தண்ணீருக்குள் போகின்றன. ஓடும் ஆறாக இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். இது குளம். ஊற்று மெல்லத்தான் தண்ணீரை மாற்றும். அன்னம் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. பல ஆண்டுகளில் அமாவாசை முடிந்த ஓரிரு நாளில் மீன்கள் கும்பல் கும்பலாகச் செத்து மிதந்திருக்கின்றன. கூடை கூடையாக அள்ளி அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. முன்னோரின் பசி தீரட்டும் என்று போட்ட சோறு மீன்களுக்கு எமனானது.

குளத்துக்குச் சொந்தக்காரரான கௌட சாரஸ்வத பிராமணக் கோயில் டிரஸ்ட்டுக்கு இது ஆண்டுதோறும் தலைவலி. சடங்கை நிறுத்து என்று யாரிடமும் சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. பெற்றவர்களை நினைத்து ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விடுவதற்குத்தான் அவ்வளவு பேர் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். ஊரைவிட்டு 1,500 கிலோமீட்டர் தள்ளி வாழ்கிறவருக்கு அந்த ஒரு பிடிதான் ஊரோடு மிஞ்சியிருக்கும் கயிறு. ஆனால் தர்ப்பணம் என்ற சொல்லுக்குத் திருப்தி செய்வது என்று அர்த்தம். எள்ளும் தண்ணீரும் போதும். பிண்டத்தைக் காக்கைக்கும் பசுவுக்கும் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. குளத்தில்தான் கரைக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

பத்து மணிக்கு வெயில் ஏறும்போது முதல் கூட்டம் திரும்பத் தொடங்குகிறது. ஈர வேட்டியைப் பிழிந்து பையில் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் செம்பில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு, தாதர் வரும்வரை அது சிந்தாமல் இருக்க மடியில் வைத்துக் கையால் மூடியபடி ரயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் காத்திருக்கும் பாட்டிக்கு ஒரு உத்தரணி, பேரப்பிள்ளைகளின் தலையில் நாலு சொட்டு. ஒரு செம்புத் தண்ணீரிடம் காட்டும் இந்தக் கவனத்தில் பாதியைக் குளத்திடம் காட்டினால் அடுத்த அமாவாசைக்கு மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.