கண்டிச்சீமைக்கு ஒரு திட்டம்

நவம்பர் 28, 2025, வெள்ளி

இந்தக் குறிப்பேட்டின் முந்தைய பக்கத்தில் ஏழு நாள் இலங்கைத் திட்டம் ஒன்று இருக்கிறது. தருமபுரியிலிருந்து பெங்களூர் விமான நிலையம், அங்கிருந்து கொழும்பு, பிறகு சிகிரியா, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, மறுபடியும் கொழும்பு. இலங்கைக்குப் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போய் வருகின்றன. இன்று டித்வா புயல் அந்தத் தீவைத் தாக்கியிருக்கிறது. மலைகளில் மண் சரிகிறது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை என்று செய்தியில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களில் பாதி, நேற்றுவரை ஊர் சுற்றிப் பார்க்கவென்று எழுதி வைத்தவை. டித்வா என்ற பெயரை ஏமன் நாடு கொடுத்ததாம். சொகோத்ரா தீவிலுள்ள ஒரு கடற்கழியின் பெயர் அது. ஒரு தீவின் அழகான நீர்நிலைப் பெயர் இன்னொரு தீவில் சாவின் பெயராகிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். இது எங்கே போய் நிற்கிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

அங்கே அவசரகால நிலை. இறந்தவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு செய்தியிலும் கூடுகிறது.

டிசம்பர் 3, புதன், கார்த்திகை தீபம்

இழவு விழுந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகலாமா? முதலில் தோன்றும் கேள்வி இதுதான். போகக் கூடாது என்பதுதான் உடனே வரும் பதிலும். மீட்புப் பணி நடக்கும் நாட்களில் அந்தப் பதில் சரி. ஓட்டல் அறையும் வண்டியும் டீசலும் அப்போது வேறு ஆட்களுக்குத் தேவை. ஆனால், அதன் பிறகும் போகாமல் இருப்பதை மரியாதை என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இதற்கு அத்தாட்சி தேடி அக்கரைக்குப் போக வேண்டியதில்லை, நம் ஒகேனக்கல்லே போதும். கர்நாடக அணைகளில் தண்ணீரைத் திறந்து காவிரியில் வரத்து கூடினால், அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். 2018-லும் 2022-லும் வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டிப் போனது. அந்த நாட்களில் மூங்கில் பிளாச்சால் பின்னி அடியில் தார் பூசிய பரிசல்கள் கரையில் கவிழ்த்துப் போட்டுக் கிடக்கும், ஆமை ஓடுகளை வரிசையாக அடுக்கியது போல. ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் ஒரு வீட்டின் அன்றாடச் செலவு முடங்கிக் கிடக்கிறது. பரிசல்காரர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், வாங்கி வந்த மீனைச் சமைத்துத் தரும் பெண்கள், எல்லோருமே நாள் கூலிக்காரர்கள். வெள்ளம் வடிந்து தடையை நீக்கிய பிறகும் ஊரார் பயந்து வராமல் இருந்தால், அந்த அச்சத்தின் விலையைக் கொடுப்பது ஆறு அல்ல, இவர்கள்தான்.

தீவின் கணக்கும் இதையே சொல்கிறது. 2018-இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 லட்சத்துக்கு மேல். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது சரிந்தது. கொரோனா வந்து 2021-இல் இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2024-இல்தான் மறுபடி இருபது லட்சத்தைத் தாண்டியது. அப்படி வந்தவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள். நம் வரவு அங்கே ஓர் ஒப்புக்கான எண் அல்ல. பயணத்துக்கு வைத்த பணத்தை நிவாரணத்துக்கு அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு பங்கை இப்போதே அனுப்ப வேண்டும். ஆனால் நிவாரணம் சில வாரங்களில் ஓய்ந்துவிடும். அடுப்போ வருடம் முழுவதும் எரிந்தாக வேண்டும்.

டிசம்பர் 4

நேற்று எழுதியது சரிதான். ஆனாலும் நமக்கு வசதியான பக்கமே நியாயம் பேசியிருக்கிறேனோ என்று உறுத்துகிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

உறுத்தலின் காரணம் பிடிபடுகிறது. போவதா வேண்டாமா என்று கேட்டேனே தவிர, திட்டத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கவில்லை. பழைய பக்கத்தில் நுவரெலியாவுக்கு நேரே எழுதியிருப்பது: தேயிலைத் தோட்டம், குளிர், புகைப்படம். எல்லவுக்கு நேரே: ஒன்பது வளைவுப் பாலம், தியலும அருவி. மலையில் மனிதர் ஒருவர்கூட இல்லை.

தியலும 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி. அது கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று காலையில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. லயம் என்பது வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய நீளக் கட்டடம். ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம், முன்னால் ஒடுங்கிய திண்ணை. அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே வந்திருந்தது. எச்சரித்தால் போதுமா, எங்கே போவது? லயம் நிற்கும் நிலம் தோட்டத்துடையது, குடியிருப்பவருக்கு அதில் பட்டா கிடையாது. சொந்த நிலம் இல்லாதவரிடம் மேடான இடத்துக்குப் போகச் சொல்வது ஆறுதலுக்குக்கூட உதவாது. பதினோரு வருடம் கழித்து டித்வா அதே மலைகளில் அதே வகையான சரிவுகளைக் கண்டுபிடித்திருக்கிறது. மழை எல்லோர் மேலும் பெய்கிறது, மண் யார் மேல் சரியும் என்பதை நில உரிமை தீர்மானிக்கிறது. அருவியைப் பட்டியலில் சேர்த்து, அதன் பக்கத்திலுள்ள மீரியபெத்தயைச் சேர்க்காத பயணத்துக்குப் பாரம்பரியப் பயணம் என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல். அதற்கு முன் இது சேலம் ஜில்லா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய பகுதிகளில் திருச்சி, மதுரை, புதுக்கோட்டையோடு சேலமும் உண்டு. பஞ்சம் வந்தால் 'கண்டிச்சீமை' என்ற சொல் ஊருக்குள் வரும். அங்கே காசு காய்த்துத் தொங்குவதாகக் கங்காணி சொல்வான். முதலில் காப்பித் தோட்டம். 1869-க்குப் பிறகு இலைநோய் காப்பியை அழிக்க, மலை தேயிலைக்கு மாறியது. திரட்டப்பட்டவர்கள் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023-இல், அவர்கள் வழிவந்த மலையக மக்கள், முன்னோர் வந்த இருநூறாம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியை நடந்து நினைவுகூர்ந்தார்கள்.

இங்கே நம் நடுகற்கள் நினைவுக்கு வருகின்றன. தகடூர் நாட்டில், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தில், ஓட்டிச் சென்ற மாட்டை மீட்கப் போய்ச் செத்த ஒருவனுக்குக்கூடக் கல் நட்டார்கள். கையில் வில்லோ வாளோ, உடலில் தைத்த அம்பு, மேலே வட்டெழுத்தில் அவன் பெயரும் ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டும். அரசனுக்கு வேண்டாத ஆளுக்கும் பெயர் உண்டு என்று அந்தக் கல் சொல்கிறது. மாத்தளை வழியில் விழுந்த சேலத்துக்காரனுக்குக் கல் இல்லை. அவனுக்குப் பின் வந்தவர்கள் நட்ட தேயிலைச் செடிதான் இருக்கிறது, அதன் முன் நின்றுதான் நாம் படம் எடுத்துக்கொள்கிறோம்.

டிசம்பர் 17

பாரம்பரியம் என்றால் யுனெஸ்கோ பட்டியல் என்றே பழகிவிட்டோம். இலங்கையில் எட்டு இடங்கள் அதில் இருக்கின்றன. மத்திய மலைநாடு 2010-இல் சேர்ந்தது, ஆனால் இயற்கைச் சொத்தாக, காட்டுக்காகவும் அதில் வாழும் அரிய உயிர்களுக்காகவும். காட்டைச் சேர்த்ததில் குறையில்லை. ஆனால் மலையைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அதோடு நின்றுவிடக் கூடாது. கட்டடங்களைப் பார்த்தாலும்கூட அந்தத் தீவு ஒற்றைக் குரலில் பேசுவதில்லை. பொலன்னறுவையில் சோழர் எழுப்பிய வானவன் மாதேவி ஈச்சுரம் கல்லாக நிற்கிறது. அதே ஊரில், புத்தரின் தந்தம் இருந்த கோயிலைத் தங்கள் காவலில் ஏற்பதாக வேளைக்காரப் படையினர் தமிழில் வெட்டிவைத்த கல்வெட்டும் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த 1409-ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் இருக்கிறது. இன்று அது கொழும்பு அருங்காட்சியகத்தில். இவற்றை ஏழு நாள் திட்டம் ஏன் தாண்டிப் போகிறது? அவசரம்தான் காரணம். ஒரு நாளில் இரண்டு ஊர் என்று போட்டுவிட்டால் கல்வெட்டின் முன் நிற்க நேரம் ஏது?

டிசம்பர் 23, செவ்வாய்

தனுஷ்கோடியைப் புயல் அழித்து 61 வருடம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1964 அக்டோபர் 30-இல், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்கும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி ஒன்றரை லட்சம் பிறகு பேசப்படும். 1948-இல் குடியுரிமை இழந்து நின்ற மலையக மக்களை இப்படித்தான் பங்கு பிரித்தார்கள். ஒப்பந்தம் போடும்போது எந்தக் கரை வேண்டும் என்று அவர்களைக் கேட்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

மாற்றுக் கருத்துகளை இனியும் தள்ளிப்போட முடியாது. முதலாவது, சரிந்த மலையையும் லயத்தையும் போய்ப் பார்ப்பது பிறர் துயரத்தை வேடிக்கை பார்ப்பது. இது வலுவான வாதம், பாதி ஒப்புக்கொள்கிறேன். சரிவு நடந்த இடத்துக்குக் கேமராவோடு போவது கூடாது. ஆனால் மலையகத்தை அறிய அதுவா வழி? மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. ஹட்டனில், பண்டாரவளையில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, அங்கே சாப்பிடலாம், அவர்கள் எழுதிய புத்தகங்களை வாங்கலாம். வேடிக்கை பார்ப்பவர் கேள்வி கேட்பதில்லை, காசு கொடுப்பதில்லை, திரும்பி வருவதுமில்லை. இந்த மூன்றையும் செய்கிறவர் விருந்தாளி.

இரண்டாவது, சுற்றுலாப் பணம் கொழுந்து பறிப்பவருக்குப் போய்ச் சேராது. நட்சத்திர ஓட்டலாகிவிட்ட பழைய துரை பங்களாவில் தங்கினால் உண்மைதான். 2024-இல் நிர்ணயித்த தோட்டத் தொழிலாளியின் நாள் கூலி 1,350 இலங்கை ரூபாய். பங்களாவின் ஓர் இரவு வாடகை அந்தக் கூலியில் எத்தனை நாள் என்று பதிவு செய்வதற்கு முன் வகுத்துப் பார்த்துவிட வேண்டும். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதி, ஆட்டோ, ரயில் என்று திட்டம் மாறினால் பணத்தின் வழியும் மாறும். முழுக்க மாறாது. சிறிதாவது மாறும்.

மூன்றாவதைத்தான் எழுதத் தயங்கினேன். 2009-இல் போரின் முடிவில் தமிழர்களுக்கு நடந்ததற்குப் பிறகு அந்த நாட்டுக்கு உல்லாசமாகப் போவதே தவறு என்று தமிழ்நாட்டில் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோபம் பொய்யல்ல. நம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று பெரியவர்கள். இதை மறந்து சிகிரியா ஏற முடியாது. ஆயினும் மலையகத்தார் விஷயத்தில் 1948-லும் 1964-லும் நடந்தது, அவர்களைக் கேட்காமல் அவர்களுக்காக எடுத்த முடிவுகள். அவர்கள் பெயரைச் சொல்லி நாம் போகாமல் இருப்பதும் அவர்களைக் கேட்காமல் எடுக்கும் இன்னொரு முடிவு. யாழ்ப்பாணத்துக்கும் இது பொருந்தும். 2024 ஆகஸ்டில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது, சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் போகிறது. வழி திறந்த பிறகு வராமல் இருப்பது அங்குள்ள கடைக்காரருக்கு என்ன சொல்லும்?

விடுமுறை என்றால் ஓய்வு, அங்கேயும் பாடம் படிக்க வேண்டுமா என்பது நான்காவது. அதற்குப் பதில் எழுதத் தெம்பில்லை.

ஜனவரி 15, 2026, தைப்பொங்கல்

அங்கேயும் இன்று அரசு விடுமுறை. லயத்துத் திண்ணைகளிலும் பானை வைத்திருப்பார்கள், திண்ணை மிஞ்சியவர்கள்.

ஜனவரி 24, சனி

புதிய பக்கம். வடகிழக்குப் பருவமழையில் நாகைக் கப்பல் நிற்கும். வடக்கையும் மலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் மார்ச் சரியாக வரும், வடக்கே மழை ஓய்ந்திருக்கும், தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்காது. பன்னிரண்டு நாள். காலி, சிகிரியா நீக்கம். யாழ்ப்பாணம் மூன்று நாள், அதில் ஒரு நாள் நெடுந்தீவின் பவளக்கல் மதில்களுக்கு. பொலன்னறுவை ஒரு முழு நாள், இரண்டு கல்லும் பார்க்க. மாத்தளை, கண்டி. நான்காவது கேள்விக்கும் ஏதோ பதில் வருகிறது: காலையில் ஓர் இடம், மாலையில் ஒன்றுமில்லை என்று போட்டால் அதுவே ஓய்வு.

கண்டிக்கு அப்புறம் மலைநாட்டு ரயில் பாதை. புயலில் பல இடங்களில் அடிமண் அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஹட்டன், பண்டாரவளை, கொஸ்லந்தை என்று மூன்று பெயரை பென்சிலால் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் தேதி போடவில்லை.