பித்தளைத் தட்டு சத்தம்னு நெனைச்சோம்

 

2024-ல் தைப்பூசம் ஜனவரி 25-ல் வந்துச்சு. அதுக்கு முந்தின சனிக்கிழமை, அன்னதானச் சாமான் ஏத்தி வந்த நம்ம தம்பியோட காடி கெந்திங் செம்பா மேட்டுல நின்னுபோனது பலருக்கும் தெரியும். “சூப்பர்சார்ஜர் வெடிச்சிருச்சு”, “கண்ணு பட்டுருச்சு”, “மோடிஃபை பண்ணுனா இப்படித்தான்” என்று இன்னமும் ஆளுக்கொரு கதை சொல்றாங்க. உண்மையச் சொல்ல வேண்டியவங்க நாங்க. அன்னிக்கு அந்தக் காடியில இருந்த தொண்டூழியர்கள் நாங்க மூணு பேர்தான். யார் ஓட்டினது, யார் பெட்ரோல் ஊத்தினது என்று பிரிச்சுச் சொல்லப் போறதில்லை. மூணு பேருக்கும் அதில் பங்கு உண்டு.

தம்பிக்கு அன்னிக்கு நைட் ஷிஃப்ட் முடிஞ்ச அசதி. “நீங்களே எடுத்துட்டுப் போங்க மாமா” என்று சாவியைக் கொடுத்தான். உள்ளூர் 1.6 லிட்டர் காடி. ஓவர்டைம் செஞ்சு சேர்த்த காசுல சூப்பர்சார்ஜர் போட்டிருந்தான். தெரியாதவங்களுக்குச் சொல்றோம்: அது இன்ஜின் பெல்ட்டால சுத்துற ஒரு காத்துப் பம்பு. இன்ஜின் தானா இழுக்கிறதை விட அதிகமான காத்தை உள்ளே அமுக்கும். அதுக்கேத்த மாதிரி பெட்ரோலும் கூடப் போகும், பவர் ஏறும். ஆனா காத்தை அமுக்கினா சூடாகும். சைக்கிள் டயருக்குக் காத்து அடிக்கும்போது பம்பு சுடுமே, அதே கதைதான்.

செலாயாங் பாசார் போரோங்கில் காய்கறி வாங்கினோம். பத்து கிலோ அரிசி மூட்டை பன்னிரண்டு, பித்தளைத் தட்டுங்க, எல்லாத்தையும் பின்னால அடுக்கினோம். கோம்பாக் பக்கம் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் நின்னோம். டாங்கி கிட்டத்தட்டக் காலி. மூடியத் திறந்தா உள்பக்கம் தம்பி கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: “97 மட்டும்”.

படிச்சோம். படிச்சுட்டும் 95 ஊத்தினோம்.

அப்போ 95 லிட்டருக்கு 2 வெள்ளி 5 சென், 97 வந்து 3 வெள்ளி 47 சென். முப்பது லிட்டருக்கு 42 வெள்ளி அறுபது சென் மிச்சம். கோயில் காசை மிச்சம் பிடிச்சோம் என்று எங்களுக்குள்ள பெருமை வேற. 97-ன்னா பவர் கூட இருக்கும், இளவட்டங்க ஆசைக்கு ஊத்துறாங்க, அவ்வளவுதான் என்று நெனைச்சோம். அது தப்பு. அந்த நம்பர் பவரைக் காட்டுற நம்பர் இல்லை. பிளக் நெருப்பு வைக்கிறதுக்கு முந்தியும், வச்ச பிறகு மிச்சம் இருக்கிற பகுதியிலும், பெட்ரோல் தன்னால வெடிக்காம எவ்வளவு தாக்குப் பிடிக்கும் என்று காட்டுற நம்பர். காத்தை அமுக்குற இன்ஜினுக்கு அது ஆசை இல்லை, தேவை.

காராக் ஹைவே மேடு ஏறும்போது ஒரு சத்தம் கேட்டுச்சு. உண்டியல்ல சில்லறை குலுங்கின மாதிரி கிண்கிண்ணு. பின்னால இருக்கிற பித்தளைத் தட்டு என்று நெனைச்சு, பக்திப் பாட்டைக் கொஞ்சம் சத்தமா வச்சோம். பெடலை இன்னும் மிதிச்சோம். கொஞ்ச தூரத்தில் இழுவை போச்சு, பின்னால நீலப் புகை, காடி முழுக்க நடுக்கம். ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தா, ஆயில் பார்க்கிற குச்சி வெளியே தள்ளி, சுத்திலும் ஆயில் தெறிச்சுக் கிடந்துச்சு.

முதல்ல பார்த்த வர்க்‌ஷாப்பில் திறந்துகூடப் பார்க்கலை. “இன்ஜின் செத்துப்போச்சு, ஹாஃப்கட் போடுங்க” என்றாங்க. தம்பியோட அப்பா எங்களைப் பார்த்து, “கோயிலுக்குக் காடி கொடுத்ததுக்கு நல்ல பலன்” என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். தைப்பூசத்துக்குத் தம்பி வரல. ஆறு வயசுலேர்ந்து தண்ணீர்ப் பந்தலில் நின்ன பிள்ளை.

நாங்க தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவங்க. மெஷின் நின்னா, காரணம் தெரியாம பார்ட்ஸ் மாத்தக்கூடாது. மாத்தினா அதே காரணம் புதுப் பார்ட்ஸையும் தின்னுடும். அதனால தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட காடியை இழுத்துட்டுப் போய், நாங்களும் கூட நின்னு ஒவ்வொண்ணாப் பார்த்தோம்.

முதல்ல எல்லாரும் பழி போட்ட சூப்பர்சார்ஜர். பெல்ட்டைக் கழட்டி கையால சுத்தினோம். உரசல் இல்லை, ஆட்டம் இல்லை. அது நல்லா இருக்கு. அடுத்து ரேடியேட்டர் தண்ணி. ஹெட் கேஸ்கெட் போனா பல நேரம் ஆயிலும் தண்ணியும் கலந்து தே தாரிக் நிறத்துக்கு வரும். அப்படி எதுவும் இல்லை. பிளக் நாலையும் கழட்டினோம். ஒண்ணு, ரெண்டு, நாலு காய்ஞ்சு சுத்தமா இருந்துச்சு. மூணாவது மட்டும் ஆயிலில் நனைஞ்சு, வெள்ளைப் பீங்கான் மேல பொடிப்பொடியா மின்னுச்சு. அது அலுமினியம். பிஸ்டனோட அலுமினியம்.

பிறகு கம்ப்ரெஷன் டெஸ்ட். 175, 170, 60, 175. மூணாவதில் அறுபதுதான். காத்து எந்த வழியா ஓடுது என்று தெரியணுமே. பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வு எல்லாம் மூடியிருக்கும்போது பிளக் ஓட்டை வழியா கம்ப்ரெஸர் காத்து கொடுத்து, காதை வச்சுக் கேட்டோம். புகைக்குழாயில் சீறினா எக்ஸாஸ்ட் வால்வு. காத்து உள்ளே போற பக்கம் சீறினா இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் வந்தா கேஸ்கெட். எங்களுக்கு ஆயில் ஊத்துற மூடி வழியா சீறிச்சு. அப்படின்னா காத்து பிஸ்டனைத் தாண்டிக் கீழே போகுது.

அப்புறம்தான் இன்ஜினைத் திறந்தோம். மூணாவது பிஸ்டனில் மேல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்கிற வரப்பு, விரல் நகம் அளவுக்கு உடைஞ்சு போயிருந்துச்சு. நாங்க கேட்டது தட்டு சத்தம் இல்லை. பெட்ரோல் தன்னால வெடிச்சு, சுத்தியலால அடிக்கிற மாதிரி பிஸ்டனை அடிச்ச சத்தம்.

சரி, ஏன் மூணாவது மட்டும்? மெக்கானிக் அண்ணன் இன்ஜெக்டர் நாலையும் மெஷினில் வச்சு, கண்ணாடிக் குழாயில் பீச்சிக் காட்டினார். மூணாவது பாதி அடைச்சிருந்துச்சு, மத்ததை விடக் குறைச்சலா பீச்சுச்சு. அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் கம்மி, காத்து அதிகம், சூடும் அதிகம்.

இதைக் கேட்டதும் தம்பி உடனே, “பார்த்தீங்களா மாமா, இன்ஜெக்டர்தான். நான்தான் சர்வீஸ் பண்ணாம விட்டேன், உங்க மேல தப்பு இல்ல” என்றான். உண்மையைச் சொல்றோம், அந்த நிமிசம் எங்களுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அப்படியே விட்டிருந்தா அவனோட அப்பாவும் நம்பியிருப்பார், நீங்களும் நம்பியிருப்பீங்க.

ஆனா அந்த அடைப்பு ஒரே நாளில் வந்தது இல்லை. அதோடவே அவன் 97 ஊத்தி, பாரம் இல்லாம, தினமும் வேலைக்குப் போய் வந்திருக்கான். 95, பாரம், மேடு, சத்தம் கேட்டும் மிதிச்ச மிதி, இந்த நாலும் எங்களோடது. அவன் விட்டது ஒண்ணு, நாங்க செஞ்சது நாலு.

அன்னிக்கு ராத்திரியே மூணு பேரும் அவங்க வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட இதை அப்படியே சொன்னோம். அவர் ரொம்ப நேரம் பேசல. கடைசியா, “டீ குடிங்க” என்றார்.

புது பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளி. எங்க மூணு பேர் கைக்காசு. ஆலயக் கணக்கிலிருந்து ஒரு சென் எடுக்கல. ஆலயக் காசு 42 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை இது. பங்குனி உத்திரத்துக்குத் தம்பி வந்தான், பந்தலில் நின்னான். காடியைத்தான் நாங்க இன்னும் கேட்கல. கேட்க மனசு வரல.

அன்பர்களே, ரெண்டே விசயம் கேட்டுக்கிறோம். அடுத்தவங்க பொருளைக் கோயில் வேலைக்கு வாங்கினா, அவங்க எழுதி வச்சதை மதிங்க. புரியலன்னா ஒரு போன் போட்டுக் கேளுங்க. புதுசா ஒரு சத்தம் கேட்டா, பாட்டைச் சத்தமா வைக்காம நிறுத்திப் பாருங்க. இனிமே யாராவது “கண்ணு பட்டுருச்சு” என்றால், படிச்சும் மதிக்காத கண்ணு எங்களோடதுன்னு சொல்லுங்க.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வேலும் மயிலும் துணை.