மூடியின் இறுக்கம்

வீரமுனையிலே பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வைத்திருப்பவர் பிறேக்கிற் காற்றெடுக்க முனைந்தால், முதலில் அயல்வீட்டாரைத் தேடவேண்டியிருக்கும். ஒருவர் மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். குழாயிற் காற்று எஞ்சினால், அது சுருங்கி மிதியின் விசையை விழுங்கிவிடும். சம்மாந்துறை வீதியில் மாடொன்று குறுக்கிடும் கணத்தில் மிதி வெறுமனே தரையைத் தொடும்.

தனித்து வேலை செய்பவர்க்கு ஓர் உபாயமுண்டு. பிறேக் எண்ணெய் நிறைந்த போத்தலுக்குள் ரயரின் காற்றைச் செலுத்தி, அவ்வழுத்தத்தால் எண்ணெயைப் பிரதான சிலிண்டருக்குள் தள்ளுவதே அது. மைனரிலே இச்சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழ் ஒளிந்திருக்கிறது. அதன் வாயை அடைக்கும் மூடியைத் துளைத்துக் குழாய் பொருத்துவர்.

கசிவு கண்டதும் மூடியை மேலும் முறுக்குவது மனித சுபாவம். குற்றமோ பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: விளிம்பில் ஒட்டிய மணல், வெடித்த வாசர், எல்லாவற்றுக்கும் மேலாக மூடியிலுள்ள சிறு மூச்சுத்துளை. எண்ணெய் தாழும்போது காற்றை உள்விடவென அமைந்த அத்துளையை அடைக்க மறந்தவர் எத்தனை முறுக்கியும் பயனில்லை. வாசரை மண்ணெண்ணெயிற் கழுவுவதோ அதனினும் கேடு. இறப்பர் ஊதிப் பதமிழக்கும்.

எண்ணெய் ஊற்றுமுன் வெறுங்காற்றை ஏற்றி, மூடியைச் சுற்றிச் சவர்க்கார நுரை தடவினால், குமிழி கசிவைக் காட்டிக்கொடுக்கும். பின்னர் நுரையை முற்றாகத் துடைக்க வேண்டும். பிறேக் எண்ணெய் நீரை உறிஞ்சுவது. சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் வேண்டாம். வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்காது மூடியைத் திறந்தால், எண்ணெய் பீறிட்டு, பட்ட இடமெல்லாம் வர்ணத்தை உரித்துவிடும்.