ஒட்டுக் கட்டின இடுப்பு

வரப்புல நூறடி நடந்தா கால் மரத்துப்போய் உட்கார்ந்துடுவா வீட்டுக்காரி. முதுகெலும்போட அடிப்பக்கம் நாலாவது எலும்பு, அஞ்சாவது மேல முன்னால சரிஞ்சு நரம்பை அழுத்துதுன்னு ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்னார். மாத்திரை, பெல்ட், பிசியோதெரபின்னு ஒரு வருசம் ஓட்டியும் கேட்கலை.

எண்டோஸ்கோப் ஆபரேஷன் பண்ணினோம். முதுகைப் பெருசாக் கிழிக்கலைங்க. சின்னச் சின்னத் துளைதான். உள்ளே தண்ணி ஓடிக்கிட்டே இருக்க, கேமராவுல பார்த்துக்கிட்டே தேய்ஞ்ச ஜவ்வை எடுத்துட்டு, அந்த இடத்துல எலும்புத் துகள் அடைச்ச கூண்டு ஒண்ணை வச்சு, நாலு ஸ்க்ரூவும் ரெண்டு கம்பியும் போட்டு முடுக்கிட்டாங்க. மறுநாளே நடந்தா.

வம்பே அங்கதான். காயம் ஆறினதும் "எனக்கு ஒண்ணுமில்லை"ன்னு கழனித்தண்ணி வாளியைத் தூக்கப் போறா. மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டுறப்போ, கட்டு பிடிச்சு நிறுத்தும், அவ்வளவுதான். சேர வேண்டியது கன்னுதான். ஸ்க்ரூவும் அப்படித்தான். எலும்பு ரெண்டும் ஒண்ணாக ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசம் ஆகும். அதுவரைக்கும் குனியாதே, கனம் தூக்காதேன்னு டாக்டர் சொல்லியிருக்கார். வெத்தலையோட போடுற புகையிலையையும் விடச் சொன்னார், எலும்பு சேர விடாதாம். அவளுக்கு அதுலதான் ரொம்பக் கோபம்.

ரெண்டு மாட்டுல ஒண்ணை வித்துட்டேன். மத்ததை நான்தான் கறக்குறேன், உதைக்குது. அவ திண்ணையில உட்கார்ந்து, "காம்பை இப்படியா இழுப்பாங்க?"ன்னு சத்தம் போடுறா.