காரைக் கொடுப்பதா, சாவியையும் கொடுப்பதா?

ராஜ்யத்தையே தானம் செய்த ஊர் திருவனந்தபுரம். அங்கே ஆசையாக வளர்த்த பழைய அமெரிக்கக் கார் ஒன்றைத் தர்மத்துக்குக் கொடுக்க நினைத்தால்?

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி, கிழக்கே கோட்டை வாசலைத் தாண்டி நடந்தால் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலை கோபுரம் எதிரே நிற்கிறது. 1750 ஜனவரி 3 அன்று மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யம் முழுவதையும் இந்தச் சந்நிதியில் பத்மநாபருக்கு எழுதிக்கொடுத்தார். ‘திருப்படி தானம்’ என்று அதற்குப் பெயர். அன்று முதல் திருவிதாங்கூர் மன்னர்கள் ‘பத்மநாப தாசர்கள்’ ஆனார்கள். கொடுத்த ராஜ்யத்தை அவர்களே தொடர்ந்து ஆண்டார்களே என்று குறும்பாகக் கேட்கலாம். ஆனால், சாசனம் சாசனம்தான். கோயிலிலிருந்து வெளியே வரும்போது பாதத்தில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டிவிட்டு வருவது அரச குடும்பத்தின் வழக்கம் என்கிறார்கள். சுவாமி சொத்தில் ஒரு துகள்கூட வீட்டுக்கு வரக் கூடாதாம்.

கார் விஷயத்தில் அந்தத் துறவு அவ்வளவு சுலபமில்லை. கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பட்டம் அரண்மனையில் வாழ்ந்தவர். 2013-ல் தம் 91-வது வயதில் மறைந்தார். 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 அவருக்கு உயிர். இரண்டு புதிய கார்கள் தருகிறோம், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கம்பெனியே கேட்டும் அவர் மறுத்துவிட்டதாகச் செய்திகள் உண்டு. அவர் மறைவுக்குப் பிறகு, அவர் விருப்பப்படியே அந்தக் காரைத் தொழிலதிபர் எம்.ஏ. யூசுப் அலிக்குப் பரிசாகக் கொடுக்க குடும்பத்தார் முடிவு செய்தார்கள். இது தர்மம் அல்ல, நட்பு. ஆனாலும் பழைய கார் வைத்திருப்பவர்களின் கவலை இதில் தெரிகிறது. எனக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பென்ஸுக்கே இந்தக் கதி என்றால் அமெரிக்க ‘மசில் கார்’ இன்னும் சிக்கல். 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ., அதே வருடம் வந்த போர்டு மஸ்டாங் ஆகியவற்றோடு பிரபலமான ரகம் இது. அளவான உடம்பில் முரட்டு என்ஜின். ஜி.டி.ஓ.வின் என்ஜின் 6.4 லிட்டர். பெட்ரோலைக் குடிக்காது, விழுங்கும். 1973 எண்ணெய் நெருக்கடியோடு அதன் பொற்காலம் முடிந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அந்த ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்தவை சொற்பம். நம் ஊர்ப் பெரிய வீட்டு ஷெட்களில் இருந்த அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் பம்பாயில் பூட்டி முடிக்கப்பட்ட செவர்லே, டாட்ஜ், பிளிமத் வகையறா. எந்த ரகமானாலும் உப்புக் காற்றும் வருடத்துக்கு இரண்டு மழைக்காலமும் உள்ள இந்தக் கடலோர ஊரில், இரும்புக்கு ஆயுள் குறைவு. பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்க, தகப்பனார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கும் வண்டி, அவருக்குப் பின் பாரம்தான்.

அதை ஓர் அநாதை இல்லத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால், அந்த இல்லம் அதை என்ன செய்யும்? உதிரி பாகத்துக்கு அமெரிக்காவுக்கு எழுதிப்போட வேண்டும். இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். பெட்ரோல் போட வேண்டும். யானையைப் பரிசாகப் பெற்ற புலவர் கதையாகிவிடும்.

அமெரிக்காவில் இதற்குக் கண்ட வழி விற்றுவிடுவது. 2019 ஜனவரியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில், புதிய மஸ்டாங் ஜி.டி.500 வரிசையின் முதல் கார் 11 லட்சம் டாலருக்குப் போனது. பணம் சிறார்களைத் தாக்கும் முதல் வகை நீரிழிவு ஆராய்ச்சிக்குச் சென்றது. பழைய வண்டியைக் கொடுத்து வரிச்சலுகை கேட்பவர்களுக்கும் அங்கே கடிவாளம் உண்டு. 500 டாலருக்கு மேற்பட்ட சலுகை என்றால், 2005 முதல் பொதுவாக அந்த நிறுவனம் வண்டியை விற்ற தொகைதான் கணக்கு; கொடுத்தவர் மனதில் வைத்திருந்த விலை அல்ல.

கேரளமும் இதைப் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் மகிந்திரா நிறுவனம் குருவாயூரப்பனுக்கு ஒரு சிவப்பு ‘தார்’ ஜீப்பைக் காணிக்கையாகக் கொடுத்தது. தேவஸ்வம் ஏலம் விட்டது. அடிப்படை விலை 15 லட்சம். கேட்டவர் ஒரே ஒருவர், 15.10 லட்சத்துக்கு. சர்ச்சை கிளம்பி விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 ஜூனில் மறு ஏலம். இம்முறை பலர் போட்டியிட, அதே ஜீப் 43 லட்சத்துக்குப் போனது. ஜீப் மாறவில்லை. ஏலத்துக்கு ஆள் சேர்ந்தது, அவ்வளவுதான்.

நம் சட்டமும் விற்றுக் கொடுப்பதையே ஆதரிக்கிறது. 80ஜி என்று பழகிப்போன வருமான வரிச் சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்குத்தான்; அதிலும் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. காராகக் கொடுத்தால் சலுகை இல்லை. விற்று, பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுப்பவருக்கே அது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி ‘விண்டேஜ்’ பதிவு முறை கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். காகிதம் சரியாக இருக்கும் வண்டியை நம்பி வாங்க ஆள் வரும்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஆர்.சி. புத்தகம். சாவியைக் கொடுத்துவிட்டால் தானம் முடிந்ததாக நினைக்கிறவர்கள் அதிகம். வண்டி கைமாறியதை ஒரே மாநிலத்துக்குள் 14 நாட்களில் கொடுத்தவரும், 30 நாட்களில் வாங்கியவரும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வரை, விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ளவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மார்த்தாண்ட வர்மா அந்தக் காலத்திலேயே தானத்தை எழுத்தில் வைத்தது சும்மா இல்லை.

முழுசாக விட்டுக்கொடுத்த தானம் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊரிலேயே பார்க்கலாம். கடற்கரையோரம் தும்பாவில், பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா காலத்தில், புனித மரிய மகதலேனா தேவாலயம் ராக்கெட் தளத்துக்காக விட்டுக்கொடுக்கப்பட்டது. மீனவக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

மெடிக்கல் காலேஜ் பக்கம் போனால் இன்னொன்று. 1973-ல் அரச குடும்பம் கேரள மக்களுக்கென்று கொடுத்த பல மாடிக் கட்டடத்தில் பிறந்ததுதான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே உருவான செயற்கை இதய வால்வு 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து விற்றது. இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியிருக்கிறார்கள். வால்வு ஆராய்ச்சி நடந்த பிரிவு இருப்பது பூஜப்புரை சாட்டெல்மண்ட் அரண்மனையில். ஒரு காலத்தில் ரீஜன்ட் மகாராணி சேது லட்சுமி பாயி வாழ்ந்த இடம் அது.

ஷெட்டில் நிற்கும் வண்டிக்காரர்கள் ஒரு முறை பூஜப்புரைப் பக்கம் போய் வரலாம். திரும்பி வந்ததும் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வைக்கலாம்.