பெட்டிக்குள் பாடிய பாட்டு

என் கட்சிக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அப்பா மைக் செட் தொழில் நடத்தியவர். அவர் விட்டுப்போன வால்வு ஆம்ப்ளிபயரை ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்து, 2 புது இ.எல்.34 வால்வுகள் போட்டு வாங்கி வந்திருந்தார். மறுநாள் காலையில் செட் ஊமை. ஒரே கருகல் வாடை. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. தன் வேலையில் குறையில்லை என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார்.

அப்போது நடைமுறையில் இருந்தது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விற்ற பொருளில் குறை என்றால் 13ஆம் பிரிவின்படி முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். எங்களுடையது சேவைக் குறைபாடு. பில்லும் பிரமாண வாக்குமூலமும் போதும் என்று நினைத்தேன். புகாரில் ஒரு வரியை ரசித்துச் சேர்த்தேன்: 'இரவு முழுவதும் இயங்கியபோது பாட்டு பெட்டிக்குள்ளிருந்தே சன்னமாகக் கேட்டது. பழுது சரிவர நீக்கப்படவில்லை என்பதற்கு இதுவே சான்று.'

மெக்கானிக் வக்கீல் வைக்கவில்லை. மன்றத்தில் எழுந்து அந்த வரியைத்தான் வாசித்தார். "ஐயா, ஸ்பீக்கர் பாடியிருந்தா பெட்டி பாடினது இவர் காதுல விழுந்திருக்காது. சார் ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ஓட்டியிருக்காரு."

திரும்பிப் பார்த்தேன். தலைமையாசிரியர் ஒளிக்கவில்லை. புது வால்வு பழகட்டும் என்று செல்போனிலிருந்து பாட்டு கொடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். வீட்டார் தூக்கம் கெடக் கூடாதே என்று ஸ்பீக்கர் ஒயரை உருவிவிட்டார்.

"அதனால என்ன? எங்க வீட்டு ஸ்டீரியோவுல கழட்டினா ஒண்ணும் ஆகறதில்லையே" என்றார் மன்றத் தலைவர்.

"அது டிரான்சிஸ்டர் செட்டுங்க. அதுக்கு ஸ்பீக்கர் ஒயர் ஒண்ணோட ஒண்ணு தொட்டாதான் ஆபத்து. வால்வு செட்டுக்குத் திறந்து கிடந்தா ஆபத்து. அம்பு தொடுக்காம வில்லை இழுத்து விட்டா வில்லுதானேங்க உடையும்?"

பிறகு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். 8 ஓம் ஸ்பீக்கர், டிரான்ஸ்பார்மர் வழியாக வால்வின் கண்ணுக்குச் சில ஆயிரம் ஓமாகத் தெரிகிறது. அந்த லோடு இருக்கும்வரை பாட்டின் சக்தி அதில் செலவாகும். லோடு இல்லாதபோது வால்வு மின்னோட்டத்தை வெட்டும் ஒவ்வொரு தடவையும் பிரைமரி சுருளில் மின்னழுத்தம் துள்ளும். 400 வோல்ட் ஓடுகிற இடத்தில் அது ஆயிரங்களைத் தொடும். பாட்டு கொடுக்காமல் சும்மா எரியவிட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும்.

அன்று மன்றத்துக்கு, கழற்றிய வால்வு சாக்கெட்டை அவர் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஆனோடு மாட்டும் 3ஆம் காலிலிருந்து பக்கத்து 2ஆம் கால்வரை, பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கருகல் கோடு. மின்பொறி தாவிய தடம். சாக்கெட் தலைவரிடம் போய், என் கைக்கு வந்து, கடைசியில் கட்சிக்காரரிடம் நின்றது.

எனக்கு மிச்சமிருந்தது ஒரே கேள்வி. "இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். செட்டைக் கொடுக்கும்போது அவரிடம் சொன்னீர்களா?"

"வால்வு செட் வச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியாதாங்க?"

"செட் வைத்திருந்தவர் இவருடைய அப்பா."

பில்லை நீட்டினேன். அதில் அச்சிட்டிருந்த ஒரே எச்சரிக்கை: 'வேலை முடிந்த சாமான்களை 30 நாட்களுக்குள் எடுத்துச் செல்லவும்.' தலைவர் சிரித்துவிட்டு, வெளியே போய்ப் பேசிக்கொண்டு வரச் சொன்னார்.

வராந்தாவிலேயே முடிந்தது. செம்புக் கம்பிக்கான காசு தலைமையாசிரியருடையது. சுற்றிக் கொடுக்கும் கூலி மெக்கானிக்குடையது. கூட்டு மெமோ போட்டோம்.

செட்டை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஸ்பீக்கர் முனையில் விரல் கனத்தில் ஒரு பீங்கான் ரெசிஸ்டர் மாட்டியிருந்தது: 8 ஓம், 100 வாட். சத்தமில்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இதை மாட்டிக்கொள்ளச் சொன்னார் மெக்கானிக். செட்டின் சக்தியைப்போல இரண்டு பங்காவது தாங்க வேண்டுமாம். பக்கத்தில் கை கொண்டுபோனேன்; அனல் அடித்தது.

பில் போட்டார். 30 நாள் வரிக்குக் கீழே புது ரப்பர் ஸ்டாம்ப், மை காயாமல்: 'ஸ்பீக்கர் மாட்டாமல் செட் போடக் கூடாது.'